மாதம் பிறந்த செவ்வாயும் நாலரைக் கட்டையும்

கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், தொண்ணூற்று மூன்றாம் வருடம் நான் ஓர் எஸ்.டி.டி. பூத் தொடங்கினேன். பேசுபவர் உட்காரக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, வெளியே எனக்கு ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சுவரை மறைக்கும் அளவுக்குப் புத்தகங்கள். புத்தகங்களுக்கு மேலே மூன்று காலண்டர்கள் தொங்கின. ஒன்று போதாதா என்று கேட்காதவர்கள் குறைவு. எனக்குப் போதாது. பள்ளிக்கூட நாள் தொட்டே நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். மழை பெய்த நாள், ஒரு புத்தகத்தைத் தொடங்கிய நாள், முடித்த நாள், நெல்லை வண்டி தாமதமாக வந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். தேதி தவறி எதையும் எழுதியதில்லை என்ற கர்வமும் எனக்கு இருந்தது. அந்தக் கர்வம் உடைந்த கதைதான் இது. என்றாலும் இதில் நான் முக்கியமானவள் இல்லை.

பூத்துக்குப் பின்தெருவில் ஒரு பாடகி இருந்தார். இசை நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகியாக வேடம் கட்டிப் பாடுகிறவர். அம்மன் கோயில் கொடை விழாக் காலங்களில் நாடகம், மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் பாட்டுக் கச்சேரி. என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை ஏட்டி என்பார். அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. விசிட்டிங் கார்டில் என் பூத்தின் எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருந்தார். ஊர்க்காரர்கள் என்னைத்தான் அழைப்பார்கள். எந்த ஊர், என்ன விழா, எந்த நாள் என்று எழுதி வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டுச் சொல்வேன். அதற்கென்றே ஒரு நீல நோட்டு வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து நாடகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் எங்கிருந்தோ. விழாக் கமிட்டியோ அது பிடித்த ஏஜென்டோதான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வைக்கும். ஒத்திகை இல்லை. நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே அவர்கள் முன்கூட்டி ஒத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே: தேதியும் சுருதியும். தேதியை நான் பார்த்துக்கொண்டேன். சுருதி ஐந்தரைக் கட்டை என்பது ஸ்திரீபார்ட்டுகளுக்கு எழுதாத சட்டம்.

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக வைத்த உயரம் அது. மைக் வந்த பிறகும் யாரும் இறங்கவில்லை. கட்டை இறங்கினால் தொண்டை போய்விட்டது என்று பேச்சு வந்துவிடும். பேச்சு வந்தால் தேதி வராது.

நாடகம் முடிந்து விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் அக்கா நேராகப் பூத்துக்கு வருவார். குரல் இருக்காது. மேசையில் இருக்கும் துண்டுச் சீட்டில் ‘டீ’ என்று எழுதிக் காட்டுவார். மதியம் வரை அப்படித்தான். தொண்ணூற்றெட்டுக் கடைசியில் மதியம் என்பது சாயங்காலமாயிற்று. மறுவருடம் பங்குனியில் ஒரு மேடையில் மேல் சுருதியில் நிற்கும்போது குரல் இரண்டாகப் பிளந்து காற்றுதான் வந்தது. திருநெல்வேலியில் டாக்டர் பார்த்துவிட்டுக் குரல் நாண்களில் முடிச்சு இருக்கிறது என்றார். சின்ன அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் பேசவே கூடாது, ஆறு மாதம் பாடக் கூடாது, அதற்கப்புறமும் பழைய உயரத்துக்குப் போகக் கூடாது, அடுத்தடுத்த நாளில் பாடக் கூடாது.

அந்த ஒரு மாதமும் அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சீட்டெழுதியே பேசினார். சீட்டுகளை நான் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வாரச் சீட்டு ஒன்றில், ‘இந்த மூணு காலண்டரையும் பாத்தா தலை சுத்துது’. மூன்றாம் வாரச் சீட்டு ஒன்றில், ‘பாடாம இருந்தா நான் யாரு?’

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் மெல்லப் பாடத் தொடங்கினார். வீட்டில் பாடினால் தெரு முழுக்கக் கேட்கும், கட்டை இறங்கியது தெரிந்துவிடும். அதனால் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் என் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார். சின்ன ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். பழைய கறுப்புக் கட்டையிலிருந்து இடது பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறங்கினால் நாலரை. விரல் அளவுக்குத்தான் தூரம். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மார்கழி ஆயிற்று.

ஒரு நாள் பட்டறைக்காரர் ஒருவர் கூண்டுக்கு வெளியே வெகுநேரம் காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“யாருக்குக்கா போன்ல பாட்டுப் படிக்காவ? மீட்டரும் ஓடல.”

“வெளிநாட்டுக்கு அண்ணாச்சி. அங்கன மீட்டர் மெதுவாத்தான் ஓடும்,” என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அக்கா உள்ளே சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது.

அந்த ஒரு வருடத்தில் நீல நோட்டில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு தை மாதம் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன் வந்தது. கமிட்டித் தலைவர் பேசினார். அக்கா முன்பு இரண்டு தடவை பாடிய ஊர்.

“அவியளுக்குச் சொகமாயிட்டுன்னு கேள்விப்பட்டோம். எங்க அம்மன் கொடைக்கு அவியதான் வரணும். பங்குனி மூணாம் செவ்வாய். மத்த ஆளெல்லாம் ஏஜென்டு பேசிட்டாரு. இவியள மட்டும் நானே கேக்கேன்.”

நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த வருடம் பங்குனி முதல் தேதியே செவ்வாய்க்கிழமை. அது ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. மார்ச் இருபத்தெட்டு. வழக்கமாக ஆங்கிலத் தேதியையும் கேட்டுச் சரிபார்ப்பவள், அன்று கேட்கவில்லை. கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. நீல நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். அடுத்த வாரம் புதியம்புத்தூர்த் தையல் கம்பெனிக்காரர்கள் அவர்கள் கோயிலில் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது ஏப்ரல் நாலு, செவ்வாய். முதல் நிகழ்ச்சிக்கும் இதற்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு இருக்கிறது, டாக்டர் சொன்னபடிதான் என்று அதையும் எழுதினேன்.

கொடைக்கு நாலைந்து நாள் முன்பே நோட்டீஸ் தபாலில் வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை. தபால்காரரைத்தான் குறை சொன்னேன்.

மார்ச் இருபத்தெட்டு மத்தியானம் அக்காவோடு நானும் கூடப் போனேன். தகரப் பெட்டியில் வேடச் சாமான், ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். பசுவந்தனை வழியாகப் போகும் பஸ் ஏறினோம். சன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய காடுகள். அக்காவின் பயம் எனக்குத் தெரியும். ராஜபார்ட்டிடமும் ஆர்மோனியக்காரரிடமும் நாலரை என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஐந்தரைக்குப் போனால் குரல் போகும். சொன்னால் பெயர் போகும். மேடை ஏறும் முன் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தோம். ஊருக்குள் பந்தல் இல்லை, குழாய் ரேடியோச் சத்தம் இல்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் வெளுத்துப்போன சோடை வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்களையும் பெட்டியையும் பார்த்தார்கள்.

“யாரு வீட்டுக்கு வாரீய?” என்றாள் ஒருத்தி.

“நாடகத்துக்கு வந்திருக்கோம்,” என்றேன்.

“இப்பமே வந்துட்டீயளா? அடுத்த செவ்வாய்க்குல்லா நாடகம்.”

யாரோ போய்க் கமிட்டித் தலைவரைக் கூட்டி வந்தார்கள். தோளில் துண்டோடு வேகமாக வந்தார். நான் நீல நோட்டைத் திறந்து காட்டினேன். நீங்கள் சொன்னதுதானே, பங்குனி மூன்றாம் செவ்வாய் என்றேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை.

“மாசம் செவ்வாயில பொறந்துச்சுன்னா, அந்த மாசம் பொறந்த செவ்வாய எங்கூர்ல எண்ண மாட்டோம் தாயி. அன்னைக்குப் பந்தக்கால் நாட்டுதது மட்டுந்தான். கால் நாட்டுன நாளு அம்மனுக்கு. அதுக்கு அடுத்ததுலயிருந்துதான் கொடைக் கணக்கு. ஏஜென்டுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. மூன்று காலண்டரிலும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்களுடைய மூன்றாம் செவ்வாய் ஏப்ரல் நாலு. புதியம்புத்தூருக்குக் கொடுத்த அதே நாள். ஒரு தேதியை இரண்டு ஊருக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். அதைச் செய்தது நான், பழி விழப்போவது அக்கா மேல். ஒரு வருடம் கழித்து வந்த முதல் தேதியில்.

“அக்கா, நான்…” என்று ஆரம்பித்தேன்.

“வெயிலா இருக்கு. தண்ணி குடி மொதல்ல,” என்றார் அக்கா. வெந்நீரை ஊற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு தலைவரிடம் இருந்ததை இருந்தபடி சொன்னார். தேதியில் குழப்பம், அடுத்த செவ்வாய் சாயங்காலம் இன்னோர் ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவர் முன்னால் வந்தார்.

“தேதி கெடக்கட்டும். தொண்டையில கத்தி வச்சாவன்னு சொன்னானுவளே. பாட வருதா இல்லையா? அதச் சொல்லச் சொல்லு.”

“ஒம்ம வாய்க்குக் கத்தி வைக்க ஆளில்ல,” என்றாள் களத்துப் பெண் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நின்றது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“இங்கனயே பாடுதேன்,” என்றார் அக்கா.

“இங்கன வேண்டாம்,” என்றாள் அதே பெண். “வத்தல் நெடி. நல்ல தொண்டையே புண்ணாப் போவும். பள்ளிக்கூடத்துக்கு வாங்க.”

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தோம். ஆர்மோனியம் கிடையாது, மைக் கிடையாது, வேடம் கிடையாது. பகல் மூன்று மணி வெளிச்சம். நாடகத்தில் ஸ்திரீபார்ட் முதன்முதலாக வரும்போது ஆளைக் காட்டாமல் திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வருவார். அந்த வருகைப் பாட்டைத்தான் அக்கா எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் பாடிய அதே நாலரைக் கட்டையில். நான் வராந்தாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் சுருதி வரும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. குரல் ஏறி நின்றது. பிளக்கவில்லை. நின்று, அங்கிருந்து நிதானமாக இறங்கி வந்தது.

பாட்டு முடிந்தது. பின்வரிசையில் இரண்டு வயதான பெண்கள் தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அக்கா முகம் மாறியது.

“என்ன சொல்லுதாவ?” என்று வற்றல் களத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

“முன்ன ஒங்க பாட்டு எங்கயோ தூரத்துல கேக்குமாம். இப்பம் பக்கத்துல உக்காந்து நம்மகிட்டச் சொல்லுத மாதிரி இருக்காம்.”

கிழவர் எழுந்து துண்டை உதறினார். “எனக்கு வார்த்தையெல்லாம் வெளங்குச்சு. ஐம்பது வருசமா இந்தப் பாட்டக் கேக்கேன், இன்னைக்குத்தான் என்னன்னு தெரியுது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைவர் யோசித்தார். செவ்வாய் ராத்திரி நாடகம், புதன் ராத்திரி கரகாட்டம் என்று வைத்திருந்தார்கள். கரகாட்டக்காரர்கள் ஒரே செட்டு, ஒரே ஊர். அவர்களைச் செவ்வாய்க்கு மாற்றிவிடலாம். நாடகத்தைப் புதனுக்குத் தள்ளலாம்.

“ஆனா நாடக ஆளு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தெசையில இருக்கான். அத்தனை பேரும் புதன்கெழமைக்குச் சரின்னு சொல்லணும். அது ஒங்க பாடு தாயி,” என்றார் என்னைப் பார்த்து. “நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போவணும். இன்னைக்கே சொல்லிரணும்.”

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. செவ்வாய் சாயங்காலம் கச்சேரி, மறுநாள் நாடகம். டாக்டர் கூடாது என்று சொன்ன அடுத்தடுத்த நாட்கள். அக்காவிடம் சொன்னேன்.

“அஞ்சரையிலன்னா முடியாது,” என்றார். “நாலரையிலன்னா ரெண்டும் பாடுதேன். ஆனா ஆர்மோனியம் ஒத்துக்கிடணும். அவர்ட்டயும் நீயே பேசிரு. நான் பேசுனா கெஞ்சுத மாதிரி ஆயிரும்.”

அன்று சாயங்காலம் பூத்துக்கு வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தலைவர் எழுதித் தந்த எண்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். அம்மன் கொடைகள் பெரும்பாலும் செவ்வாயில் விழுவதால் புதன் பலருக்கு ஓய்வாகவே இருந்தது. பபூன் சரி என்றார். நடனக்காரப் பெண் சரி என்றாள். மிருதங்கக்காரர் மனைவியிடம் கேட்டுவிட்டுச் சரி என்றார். ராஜபார்ட், “எனக்குத் தேதி ஒண்ணும் இல்ல, ஸ்திரீபார்ட்டு சொகமா இருக்காவளா?” என்று மட்டும் கேட்டார். நான் சுகம் என்றேன். கட்டை இறங்கியதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

ஆர்மோனியக்காரர் மதுரைக்காரர். அவருக்கும் பி.பி. எண்தான், ஒரு டீக்கடை. கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, அவர் வந்து சேரும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தேதியைச் சொன்னேன். சரி என்றார். பிறகு அறுவைச் சிகிச்சை, டாக்டர் சொன்னது, நாலரைக் கட்டை, எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

“ஏம்மா,” என்றார். “நான் இப்பச் சொல்றத யாருட்டயும் சொல்லாதீங்க. அந்த ராஜபார்ட்டு மூணு வருசமா அஞ்சரையில தொண்டையக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஸ்திரீபார்ட்டு எறங்காம நாம எப்படி எறங்க, கேவலம்லன்னு எங்கிட்ட அழாத கொறையாச் சொல்லுவாரு. நீங்க நாலரைன்னு சொன்னா அவரு உங்க ஊருக்கே வந்து கும்பிடுவாரு.”

“அப்போ நீங்க?”

“எனக்கென்னம்மா. கைய ரெண்டு வெரல் இடது பக்கம் தள்ளி வைக்கப் போறேன். பொட்டி அழவா போகுது?”

கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பின்தெருவுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். “மூணு வருசமா?” என்றார். “ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு ரெண்டு பேருமா தொண்டையக் கெடுத்திருக்கோம், பாத்தியா?” அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். அன்று ராத்திரி நீல நோட்டில் மார்ச் இருபத்தெட்டை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். அழிக்கவில்லை. தப்பையும் வைத்திருக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

செவ்வாய்க் கச்சேரி நல்லபடியாக நடந்தது என்று புதியம்புத்தூரிலிருந்தே போன் வந்தது. புதன்கிழமை எனக்குப் பூத்தை விட முடியவில்லை. அக்கா தகரப் பெட்டியோடு தனியாகத்தான் பஸ் ஏறினார். வியாழன் காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் பூத்தைத் திறந்தேன். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ் வந்து திரும்பும் சத்தம் கேட்டது.

அக்கா வந்து பெட்டியைக் கீழே வைத்தார். காதோரம் அரிதாரம் சரியாகப் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் என் கை துண்டுச் சீட்டையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தியது.

அவர் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

“டீ சொல்லு,” என்றார். “ரெண்டாச் சொல்லு. பசி உயிரு போவுது.”

தூக்கம் கலந்த, கொஞ்சம் தடித்த குரல். ஆனால் குரல். நான் டீ சொல்ல எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதாவது பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“என்ன பாக்க? நீல நோட்ட எடு. அடுத்த வருசக் கொடைக்கும் இப்பமே சொல்லிட்டாவ. இதே கட்டையில பாடணுமாம். பங்குனி மூணாம் செவ்வாய்னு எழுது. மாசம் பொறந்த செவ்வாய் நீங்கலாகன்னு பெருசா எழுது.”

அடுத்த பங்குனி புதனில் பிறக்கிறது என்று பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கழிக்க வேண்டிய செவ்வாயே இல்லாததால் அந்தக் குறிப்புக்குத் தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் அவர் சொன்னபடியேதான் எழுதி வைத்திருக்கிறேன்.